பூட்டிய போனும் ஒட்டிய ரிசீவரும்

மலையேறும் பஸ்ஸில் என் லேப்டாப் பையின் மேல் ஒருவர் கருவாட்டுக் கூடையை வைத்தார். பேளுக்குறிச்சி சந்தையில் வாங்கிய கருவாடு. "சித்த நேரந்தானுங்க அம்மிணி, மேல போனதும் எடுத்துக்கறேன்" என்றார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் அந்தக் கூடை என் லேப்டாப்பின் மேல் உட்கார்ந்தபடியே கடந்தது. ஒவ்வொரு வளைவிலும் கூடை நகரும், நான் பிடிப்பேன், அவர் "பரவால்லீங்க, உழுகாது" என்பார். அவர் பயந்தது கருவாட்டுக்கு, நான் பயந்தது லேப்டாப்புக்கு. ஆனால் பார்ப்பவர்களுக்கு நான் மிகவும் உதவும் மனம் படைத்தவளாகத் தெரிந்திருப்பேன்.

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு மசாலாப் பொருள் இறக்குமதி நிறுவனத்தில் தரம் பார்க்கும் வேலை. மிளகு, ஏலம், பட்டை எல்லாம் எங்கே விளைகிறதோ அங்கே போய், ஈரம் எவ்வளவு, தூசி எவ்வளவு, காரம் எப்படி என்று பார்த்து, படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். செல்போன் இன்னும் மலையேறாத தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு பிப்ரவரியில் கொல்லிமலைக்கு வந்தது அதற்காகத்தான். அரியூர் நாட்டில் (மலையில் ஊர்த்தொகுதியை 'நாடு' என்பார்கள்) இருபது குடும்பங்கள் சேர்ந்து தங்கள் மிளகைத் தாங்களே விற்கப் பார்த்தார்கள். அதுவரை கீழே இருக்கும் வியாபாரிகள் வாங்கி, வேறு ஊர் மிளகோடு கலந்து அனுப்பிவிடுவார்கள். தனியாக, இந்த மலையின் பேரிலேயே விற்க இது முதல் வாய்ப்பு. செவ்வாய்க்கிழமை மாலை மூன்று மணிக்கு எங்கள் அலுவலகத்தில் கூட்டம். அதற்குள் என் படிவம் போய்ச் சேர்ந்தால் இவர்கள் பேச்சு அங்கே எடுக்கப்படும். சேராவிட்டால் வேறு ஊர் மிளகு. சிங்கப்பூரின் மூன்று மணி என்றால் கொல்லிமலையில் பன்னிரண்டரை.

போனில் எண்களைச் சொல்லிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். ஒருமுறை வேறொரு நாட்டிலிருந்து எங்கள் ஆள் ஒருவர் 'ஃபிஃப்டீன்' என்று சொன்னதை அலுவலகத்தில் 'ஃபிஃப்டி' என்று எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து வாய்வார்த்தை செல்லாது. படிவம் கோப்பாக வந்தால்தான் ஏற்பார்கள்.

அதற்காக என்னிடம் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று லேப்டாப். இன்னொன்று சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. டிஜிட்டல் லைன் அடாப்டர் என்று பெயர். பெரிய ஓட்டல்களில் போன் லைன்கள் டிஜிட்டலாக இருக்கும். தெரியாமல் லேப்டாப்பை நேராகச் சுவரில் செருகினால் உள்ளே இருக்கும் மோடம் கருகிவிடும். பாங்காக்கில் ஓர் ஓட்டலில் எனக்கு அப்படி ஆனது. பொரித்த வெங்காய வாசனை வந்தது. சமையலறையிலிருந்து என்று நினைத்து நான் கொஞ்ச நேரம் பசியோடு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு அலுவலகம் இந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தது. இது சுவரைத் தொடாது. போனின் ரிசீவரைக் கழற்றிவிட்டு, அந்த வயரை இதில் செருக வேண்டும். இதன் மறுபக்கம் லேப்டாப். மனிதர் பேசுகிற வழியாகவே கணினியும் பேசும். எந்த ஊர் போனாக இருந்தாலும் ரிசீவர் வயர் கழன்றால் போதும்.

ரிசீவர் வயர் கழன்றால்.

சனிக்கிழமை செம்மேட்டில் ஒரு சிறிய விடுதியில் இறங்கினேன். அறையில் போன் இல்லை. சன்னலுக்கு வெளியே பனி நின்றது. சிங்கப்பூரில் குளிர்சாதனத்துக்குக் கட்டணம் கட்டி வாங்குகிற குளிர் இங்கே கதவிடுக்கு வழியாக இலவசமாக வந்தது. இரண்டு போர்வை கேட்டேன். விடுதிக்காரர் மூன்று கொடுத்துவிட்டு, "ஏனுங்க, ரூமுக்குள்ள கருவாடு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

ஞாயிறு காலை அரியூர் நாட்டுக்குப் போனேன். அந்த இருபது குடும்பங்களுக்கும் பொன்னுசாமி என்பவர்தான் முன்னால் நின்று பேசுபவர். ஐம்பது வயதிருக்கும். தலைத்துண்டு, காதில் ஒரு பென்சில். என் தமிழைக் கேட்டுவிட்டு மனைவியிடம், "செல்லம்மா, அம்மிணி ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரியே பேசுது பாரு" என்றார். அதன் பிறகு நான் எதைச் சொன்னாலும் செல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வாசலுக்கு அப்பால் ஒரு பெரிய பாறை. அதன் மேல் பாயும் சாக்கும் விரித்து மிளகைக் காயப்போட்டிருந்தார்கள். ஒன்றை எடுத்துக் கடித்தேன். காரம் நாக்கில் இறங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது; இறங்கிய பிறகு காது வரைக்கும் போனது. பதினான்கு வருட வேலையில் அப்படிப்பட்ட மிளகை இரண்டு மூன்று முறைதான் கடித்திருக்கிறேன். பிறகு ஈரம் பார்க்கும் கருவியில் ஒரு பிடி போட்டேன். பதினான்கு சதவீதம் காட்டியது. எங்கள் கணக்குக்கு அதிகபட்சம் பன்னிரண்டு.

பொன்னுசாமியிடம் சொன்னேன். அவர் கருவியைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்.

"ரெண்டு வெயில் வேணுமுங்க. செவ்வாக்கெழம காத்தால வந்து பாருங்க. எறங்கியிருக்கும்."

"செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைக்குள் நான் அனுப்பியாக வேண்டுமே."

"கீழ நாமக்கல்லுல கம்ப்யூட்டர் கடை இருக்குதுன்னு சொல்றாங்க. ஆனா போய்ச் சேர மத்தியானம் ஆயிருமுங்களே."

"மலையிலிருந்தே அனுப்பிவிடலாம். அதற்கு என்னிடம் பெட்டி இருக்கிறது" என்று கறுப்புப் பெட்டியை எடுத்துக் காட்டினேன். மிகவும் பெருமையாகத்தான் காட்டினேன். செல்லம்மா அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மதியம் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் போட்டார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் ஒத்திகை பார்க்க செம்மேட்டில் சரசு அக்காவின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். கண்ணாடிக் கூண்டு, அதற்குள் சிவப்பு போன், சுவரில் நேரம் காட்டும் கருவி. ரிசீவரைத் தூக்கி வயரின் முனையைத் தேடினேன். முனையே இல்லை. ரிசீவரில் வயர் நுழையும் இடத்திலும், போனில் நுழையும் இடத்திலும் சாம்பல் நிறத்தில் கல் போல ஏதோ அப்பியிருந்தது.

"அக்கா, இது என்ன?"

"பைப்பு ஒட்டுற பசைங்க. பேசறவங்க வயரைத் திருகித் திருகிக் கழட்டிப் போடறாங்க. ஒருத்தரு கோவத்துல ரிசீவரைப் பையில போட்டுக்கிட்டே பஸ்ஸேறிட்டாரு. அதான் நானே ஒட்டிட்டேன். இனி பூகம்பம் வந்தாலும் கழலாதுங்க" என்றார் சரசு அக்கா. தன் கைவேலையில் அவருக்கு அவ்வளவு திருப்தி.

சுவருக்குப் போகும் வயரும் நேரக் கருவிக்குள் நுழைந்து மறைந்திருந்தது. ஃபேக்ஸ்? பழுது பார்க்க சேலம் போயிருக்கிறது. உலகத்தில் எந்த ஓட்டல் போனிலும் வேலை செய்யும் என்று அட்டையில் அச்சடித்திருந்த என் பெட்டியை சரசு அக்காவின் பசை தோற்கடித்துவிட்டது. கத்தியால் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "சுரண்டுங்க சாமி, ஆனா போன் செத்துப்போச்சுன்னா ஊருக்கே போன் இல்லீங்க" என்றார். கத்தியை மூடிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையிலிருந்து போன் தேடி நடந்தேன். பனி பதினொன்றுக்குத்தான் விலகியது. அந்தப் பாறை மேல் மிளகு எப்படிக் காயும் என்ற கவலை வேறு. ஒரு மளிகைக்கடையில் போன் இருந்தது. சுழற்றும் வகை, வயரை உள்ளே திருகி முடுக்கியிருந்தார்கள். டீக்கடைக்காரர் தன் போன் நன்றாக இருக்கிறது என்றார். நன்றாகத்தான் இருந்தது, லைன்தான் இல்லை.

கடைசியில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எந்தத் துறை என்று சொல்லமாட்டேன். அங்கே இருந்த கிரேஸ் மேடத்துக்கு மெமோ வருவதில் எனக்கு விருப்பமில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி மூன்று வருடம் ஆகிறதாம். மேசை இழுப்பறையிலிருந்து ஊரிலிருந்து வந்த முந்திரி மக்ரூனை எடுத்துக் கொடுத்தார். தின்றபடியே போனைப் பார்த்தேன். ரிசீவரின் வாலில் வயர் அழகாகக் கழன்றது. மகிழ்ச்சியில் மக்ரூன் தொண்டையில் சிக்கியது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பார்த்தபோதுதான், எண்கள் இருக்கும் இடத்தை ஒரு மரப்பெட்டி மூடியிருந்ததும், அதில் ஒரு பூட்டு தொங்கியதும் தெரிந்தது.

"சாவி?"

"ஆபீசர் கிட்ட இருக்கு. அவர் நாமக்கல்ல மீட்டிங்ல இருக்கார். வியாழக்கிழமைதான் வருவார். இங்கேருந்து யாருக்கும் பேச முடியாதும்மா. வர்ற போனைத்தான் எடுக்கலாம்" என்றார் கிரேஸ் மேடம்.

வெளியே வந்து ஒரு மைல் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஒரு போனில் வெளியே பேசலாம், கழற்ற முடியாது. இன்னொன்றில் கழற்றலாம், பேச முடியாது. எங்கள் ஊரில் ஒவ்வொரு தெரு முனையிலும் ஒழுங்கான போன் இருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. எதிரே வேலியோரம் ஓர் ஆடு அன்னாசி இலையை மென்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பாதி அழுகையில்தான் கிரேஸ் மேடம் கடைசியாகச் சொன்னது மண்டையில் உறைத்தது. வருகிற போனை எடுக்கலாம்.

நான் ஏன் கூப்பிட வேண்டும்? சிங்கப்பூர் கூப்பிடட்டுமே!

திரும்பி ஓடினேன். கிரேஸ் மேடத்திடம் விளக்கினேன். சரசு அக்கா பூத்திலிருந்து நான் என் சக ஊழியர் லிம்முக்குப் பேசுவேன். அவர் தன் கணினியிலிருந்து இந்த அலுவலக எண்ணை அழைப்பார். மணி அடித்ததும் ரிசீவர் இருக்கும் இடத்தில் என் பெட்டி இருக்கும். அவர் கணினியும் என் லேப்டாப்பும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். பூட்டைத் தொட வேண்டியதே இல்லை.

அவர் பூட்டை ஒருமுறை தட்டிப் பார்த்தார். "இந்தப் போன் அடிச்சாலே 'ஸ்டேட்மென்ட் ஏன் இன்னும் வரலை'ன்னுதான் கேப்பாங்க. ஒரு தடவையாவது நல்ல விஷயத்துக்கு அடிக்கட்டும். நாளைக்கு வாங்க" என்றார்.

செவ்வாய் காலை ஒன்பதரைக்குப் பாறையில் நின்றேன். மிளகு கறுத்துச் சுருங்கி, கையில் அள்ளினால் மணல் போலச் சத்தமிட்டது. கருவியில் போட்டேன். இருபது குடும்பத்து ஆட்களும் சுற்றி நின்றார்கள். பன்னிரண்டு புள்ளி மூன்று.

கருவி காட்டுவதைத்தான் எழுதுவேன் என்று அவர்களுக்குத் தெரியும். பொன்னுசாமி, "ஒரு மணி நேரம் பொறுங்க" என்றார். செல்லம்மாவும் மற்றப் பெண்களும் மிளகைக் கையால் துழாவித் துழாவி வெயிலுக்குப் புரட்டினார்கள். பத்தரைக்கு மறுபடி பார்த்தேன். பதினொன்று புள்ளி எட்டு. வேறு இடத்தில் ஒரு பிடி, பதினொன்று புள்ளி ஒன்பது. படிவத்தை அங்கேயே பாறை மேல் உட்கார்ந்து நிரப்பினேன். லேப்டாப் திரை வெயிலில் தெரியவில்லை என்று பொன்னுசாமி தலைத்துண்டை அவிழ்த்து நிழல் பிடித்தார்.

அதற்குப் பிறகு பஸ் வரவில்லை. வாழைத்தார் ஏற்றிய ஒரு மினி லாரியில் நானும் பொன்னுசாமியும் தார்களுக்கு நடுவே நின்றுகொண்டு போனோம். வழியில் மூன்று தார் கீழே விழுந்தன. டிரைவர் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினார். செம்மேடு சேரும்போது பதினொன்று ஐம்பது. பூத்தில் லிம் உடனே எடுத்தார். நான் பேசுவதைக் கேட்டு, "பூட்டிய போனா? உனக்கு வெயில் அதிகமா?" என்றார். எண்ணைக் கொடுத்தேன், இரண்டு முறை திருப்பிச் சொல்லவைத்தேன், ஓடினேன்.

அலுவலகத்தில் வயரை மாற்றி, பெட்டியைச் செருகி, லேப்டாப்பைத் திறந்தேன். கிரேஸ் மேடம் பக்கத்து மேசையைக் காட்டினார். "அது இதே லைன்ல இன்னொரு போன். யாராவது தூக்கினா கட்டாயிடும்ல?" ஆமாம் என்றேன். பொன்னுசாமி போய் அந்த மேசையில் உட்கார்ந்து அந்தப் போனின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு ஐந்து. மணி அடித்தது. ரிசீவரை எடுத்து மேசையில் வைத்தேன், லேப்டாப்பில் பதில் கொடுக்கச் சொன்னேன். கீச்சென்று ஒரு சத்தம், பிறகு சல்லடையில் கல் உருட்டுவது போல. கிரேஸ் மேடம் காதைப் பொத்திக்கொண்டு, "இதுக்கு என்ன வலி?" என்று கேட்டார். இணைந்துவிட்டது! படிவம் போக ஆரம்பித்தது. இருமுறை நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி போனது. படங்களை அனுப்பும் ஆசையை விட்டுவிட்டேன். பன்னிரண்டு பதினாறுக்கு முடிந்தது என்று திரை சொன்னது. இணைப்பைத் துண்டித்து, ரிசீவரைப் பழையபடி மாட்டிவிட்டு, பின்பக்கக் குழாயில் முகம் கழுவப் போனேன். கிரேஸ் மேடமும் செம்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

திரும்பி வந்தபோது பொன்னுசாமி ரிசீவரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க ஆளு பேசினாருங்க. அவரு தமிழுங்களா? 'சாப்பிட்டாச்சா'ன்னு கேட்டாரு."

"லிம் சீனர். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் அதுதான். வேறு என்ன சொன்னார்?"

"நான் சாப்பிடலீங்க, வேலை முடிஞ்சுதான்னு சொன்னேன். அதுக்கு அவரு மூணு தடவை 'பேஜ் டூ, பேஜ் டூ'ன்னாரு. நல்ல வார்த்தைதானுங்களே? சரிங்க, சரிங்கன்னு சொல்லி வெச்சுட்டேன்."

இரண்டாம் பக்கம் போய்ச் சேரவில்லை. அதில்தான் ஈரத்தின் எண் இருந்தது.

மணி பன்னிரண்டு இருபத்தொன்று. பூத்துக்கு ஓடிப் போய்த் திரும்ப ஐந்து நிமிடமாவது ஆகும். நான் ஓடினால் அந்நேரம் லிம் இங்கே அழைக்கக்கூடும். ஓடாவிட்டால் அவர் அழைக்காமலே போகக்கூடும். வயரைக் கழற்றிப் பெட்டியில் செருகினேன். அவசரத்தில் இரண்டு முறை தவறியது. "நான் பூத்துக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிரேஸ் மேடம், அரசு ஊழியர், நாற்பத்தெட்டு வயது, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் ஓடினார். பொன்னுசாமிக்கு விஷயம் புரிந்து முகம் வெளிறிவிட்டது. "நான் கெடுத்துட்டனுங்களா?" என்றார். இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, நானும்தான்.

பன்னிரண்டு இருபத்தாறு. மணி அடித்தது. அது லிம்மா, ஸ்டேட்மென்ட் கேட்கிறவரா என்று தெரியாது. பதில் கொடுக்கச் சொன்னேன். கீச்! இரண்டாம் பக்கத்தை மட்டும் அனுப்பினேன். திரையில் கட்டம் கட்டமாக நிரம்பியது. நிரம்பி முடித்ததும் கீழே லிம் தட்டச்சு செய்த வரி வந்தது: வந்துவிட்டது, கூட்டத்துக்கு ஓடுகிறேன், உன் நண்பரை முதலில் சாப்பிடச் சொல்.

அதைத் தமிழில் பொன்னுசாமிக்குப் படித்துக் காட்டினேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கிரேஸ் மேடம் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "பூத்துல ஒருத்தர் பொண்ணு பாக்கறதைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கார், விடமாட்டேங்கறார்" என்று சொல்லிக்கொண்டே எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு நின்றார்.

மாலையில் பூத்துக்கு லிம்மின் அழைப்பு வந்தது. எடுத்துக்கொண்டார்கள். இந்த முறைக்கு மொத்தச் சரக்கும். பிடித்திருந்தால் அடுத்த ஆண்டும்.

புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் அரியூர் நாட்டுக்குப் போனேன். இந்தச் செய்தியை நானே நேரில் சொல்ல வேண்டும் என்று ஆசை. எத்தனையோ ஊர்களில் மிளகைப் பார்த்துவிட்டு, முடிவு தெரியும் முன்பே விமானம் ஏறியிருக்கிறேன். இறங்கி நடக்கும்போதே என்ன சொற்களில் சொல்வது என்று யோசித்தபடி போனேன்.

"எடுத்துக்கொண்டார்கள்!" என்றேன், ரேடியோத் தமிழில்.

"தெரியுமுங்க" என்றார் பொன்னுசாமி. நேற்று இரவே தெரியுமாம். சரசு அக்கா கடைசி பஸ் கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறார்; கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறக்கிவிட்ட ஆட்களிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அதை முகத்தில் காட்டாமல் நிற்கும்போது பாறை மேலிருந்து செல்லம்மா கத்தினார். "அம்மிணி, சும்மா நிக்காதீங்க! மேகம் கட்டுது பாருங்க, வந்து அள்ளுங்க!"

என் கையில் ஒரு முறத்தைத் திணித்தார். நான் காலணியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாறைக்கு ஏறினேன். அடுத்த அரை மணி நேரம் அள்ளினோம். குனிந்து, முட்டி போட்டு, புடவையிலும் துண்டிலும் வாரி, சாக்குகளில் கொட்டினோம். நகக்கண்ணில் மிளகுத் தூசி எரிந்தது. தும்மல் வந்தது, ஒருவர் தும்ம, எல்லோரும் தும்மினோம். கடைசிச் சாக்கின் வாயைக் கட்டிவிட்டு, எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றோம்.

மழை வரவே இல்லை. மேகம் குண்டனி நாட்டுப் பக்கம் போய்விட்டது. செல்லம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு சாக்கை அவிழ்த்து, எல்லாவற்றையும் மறுபடி பரப்பினோம்.